உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

புறங்கையை ஏசியின் வாயருகே நீட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார் மெக்கானிக். நாடி பார்க்கிற டாக்டர்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்வதில்லை. "காத்து வருது சார், குளுமை வரலை" என்கிறார் கடைசியில். இதைச் சொல்லித்தான் அவரையே கூப்பிட்டிருந்தேன். ஆனாலும் அவர் வாயால் கேட்கும்போது ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

குட்டையான மனிதர். பாதி நரைத்த மீசை; நெற்றியில் ரப்பர் பட்டையோடு ஒரு டார்ச். கட்டில்மேல் தன் பழைய போர்வையை விரித்த பிறகே ஏசியின் மூடியைத் திறப்பார். எங்கள் கட்டிலுக்கு அவ்வளவு மரியாதையை நாங்களே கொடுத்ததில்லை. வடிகட்டியை உருவிப் பார்த்தவர், "இந்தத் தூசியில ஒரு தலையணை தைக்கலாம்" என்றார். என் மனைவி அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

கை வேலை செய்தால் வாயும் வேலை செய்யவேண்டும் அவருக்கு. "குளிரை யாரும் தயார் பண்றதில்ல சார். உங்க ரூமுல இருக்கிற சூட்டைப் பொறுக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டறோம், அவ்வளவுதான்." வடிகட்டிக்குப் பின்னால் செம்புக் குழாய்ச் சுருள். அதற்குள் ஓடும் கேஸ் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு, சுவரைத் துளைத்து வெளிப்பெட்டிக்குப் போகிறது. அங்கே கம்ப்ரஸர் அதைப் போட்டு நெருக்குகிறது, கேஸ் கொதிக்கிறது. விசிறி அந்தச் சூட்டைத் தெருவில் ஊதிவிடுகிறது. பிறகு மெல்லிய குழாய் ஒன்றின் வழியே கேஸைத் தளரவிட்டால் சில்லென்று ஆகி மறுபடி உள்ளே வருகிறது.

"நெருக்கினா கொதிக்கும், விட்டா குளிர்ந்துடும்" என்றவர், ஜன்னல் பக்கம் குரலை உயர்த்தி, "சில மனுஷங்கதான் விட்டாலும் குளிர மாட்டேங்கறாங்க" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே, மூன்றாம் மாடி சன்ஷேடில், வெளிப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவர் இவருடைய தங்கை கணவர். வருஷக்கணக்காக இப்படித்தான்: உள்பாதி இவருக்கு, வெளிப்பாதி அவருக்கு. போன மாதம் ஒரு வீட்டில், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளும்படி அவரிடம் இவர் சொல்லியிருக்கிறார். அவர், கட்டினால் கை ஓடாது என்றிருக்கிறார். "நீ விழுந்தா என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று வீட்டுக்காரர்கள் எதிரிலேயே இவர் கத்த, அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. "தங்கச்சி ரெண்டு பேரையும் வஞ்சுகிட்டேதான் சாப்பாடு கட்டிக் குடுக்குது" என்றார் மெக்கானிக். கயிறு இன்றைக்கும் பைக்குள்தான் கிடந்தது.

"சார், மெயினை அணைக்கச் சொல்லுங்க" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அணைச்சாச்சுன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் நான் தபால்காரன் வேலை பார்த்தேன். மெக்கானிக் ஸ்விட்சை அணைத்ததோடு விடவில்லை. யாரும் தொட்டுவிடாதபடி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

வெளி விசிறி சுற்றாததுதான் கோளாறு. பொறுக்கிய சூட்டைக் கொட்ட வழியில்லாமல் கம்ப்ரஸர் காய்ந்து நின்றுபோகிறதாம். விசிறி சுற்ற உந்துதல் கொடுக்கும் கெபாசிட்டரை மாற்றவேண்டும். அது பெட்டியின் அந்தக் கடைசியில் இருந்தது.

"எட்டலை" என்றார் வெளியே இருந்தவர், யாரிடம் என்றில்லாமல்.

மெக்கானிக்கின் பேச்சு பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். வெளியே இருந்தவர் ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, உடம்பில் பாதியைக் காற்றில் விட்டிருந்தார். கீழே ஸ்கூட்டர்கள் சின்னதாகத் தெரிந்தன.

"இங்க வந்து நில்லுங்க. ஸ்விட்சை யாரையும் தொட விடாதீங்க" என்று என்னை அங்கே நிறுத்திவிட்டு, மெக்கானிக் ஜன்னலடியில் மண்டியிட்டார். கையை வெளியே விட்டு, தங்கை கணவரின் இடுப்பு பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தார். முகத்தை மட்டும் அறைப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்க்ரூ திருகும் சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக்கின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கியது; மறு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கையில்லை.

வேலை முடிந்தது. வெளியே இருந்தவர் ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலையும் எடுத்து வைத்து, அறைத் தரையில் நன்றாக ஊன்றி நின்றார். பெல்ட்டில் இருந்த கை அப்படியே இருந்தது.

"விடச் சொல்லுங்க சார்" என்றார் என்னிடம்.

சொன்னேன்.

மெக்கானிக் இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.