கீழ்த் தட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி

நெவேனா முப்பத்து நான்கு வருடம் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வேதியியல் டீச்சராக இருந்தவள். அதில் முதல் சில வருடங்கள் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக் காலம். கடவுள் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் அப்போது பாடத்தில் சேர்த்தி. அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். மனதுக்குப் படாததைச் சொல்ல அவளுக்கு வாயே வராது. சம்பந்தியம்மாள் சூப் எப்படியிருக்கிறது என்று கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ரிலா மடாலயத்தில் மெழுகுவர்த்தி வாங்கினாள். கணவர் லூபெனுக்கு அன்று தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு பொருத்துகிறார்கள். "நீ அங்க உக்காந்தா டாக்டருக்கே பாடம் எடுப்ப. போய் ஏரியெல்லாம் பாத்துட்டு வா" என்று ஒருநாள் சுற்றுலா வேனில் அவரே இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். மருத்துவமனையில் மகள் யானா இருந்தாள்.

மெழுகுவர்த்தித் தாங்கியின் மேல் தட்டில் கூட்டம். கீழ்த் தட்டு காலியாக இருந்தது. அங்கே ஏற்றிவைத்துவிட்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தாள்.

வேன் மலையைச் சுற்றி ரோப் கார் அடிவாரத்துக்குப் போனது. ஓட்டுநர் ஸ்லாதினா பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாவைப் பிட்டு நீட்டினாள்.

"டீச்சர், கீழ்த் தட்டுல ஏத்துனீங்களே, யாரு தவறிட்டாங்க?"

"யாரும் இல்லையே. எங்க வீட்டுக்காரருக்கு. இன்னிக்கு ஆபரேஷன்."

ஸ்லாதினா மெல்வதை நிறுத்தினாள். "மேல் தட்டுதான் உசுரோட இருக்கறவங்களுக்கு, டீச்சர். கீழ இருக்கறது..." என்று இழுத்தாள். பிறகு சமாளித்தாள். "சாமி என்ன உங்கள மாதிரியா, இடம் மாத்தி எழுதினா மார்க்கக் குறைக்க? விடுங்க. நாலு மணிக்குக் கீழ வந்துடுங்க."

நெவேனா சிரித்துவைத்தாள். மெழுகு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும், வேறொன்றும் வராது. ரோப் கார் நாற்காலியில் கால் தொங்க ஏறும்போது இதை இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாள். முதல் ஏரிக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஏறிப் போனார்கள். ஜூன் மாதத்திலும் கரையோரம் பனி கிடந்தது, தண்ணீர் அப்படியொரு நீலம். அவள் எதையும் பார்க்கவில்லை. என் கையாலேயே அவரைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டேனே என்று பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றேமுக்காலுக்கு யானா கூப்பிட்டாள்.

"அம்மா, நல்லபடியா முடிஞ்சுது. அப்பா பேசறாரு."

"என்ன பேசறாரு?"

"நீ எந்த ஏரியில இருக்கேன்னு கேக்கறாரு."

நெவேனா அண்ணாந்து பார்த்தாள். ஏழு ஏரிகளில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கண்ணீர் ஏரி மலையுச்சியை ஒட்டி எங்கேயோ இருந்தது. இங்கிருந்து தெரியவே இல்லை.

"மேல் ஏரியிலன்னு சொல்லு."

"அவ்ளோ தூரம் ஏறிட்டியா?"

"சொல்லுடி அவர்கிட்ட."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தாள். நாற்பத்தோரு வருடத்தில் லூபெனிடம் சொன்ன முதல் பொய். நான்கு மணிக்குள் அதை உண்மையாக்கியாக வேண்டும். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே நடந்தாள்.