அக்கா குறைக்கச் சொன்ன தண்ணீர்

எங்கள் அக்கா பிறந்ததும் கண்மூடியதும் காஜா பேராங்கில் ஒரே வீட்டில்தான். நடுவில் ஒருமுறை அந்த வீட்டை விட்டுப் புறப்பட நாள் குறித்திருந்தார். அதைத் தங்கையாகிய நான் இந்த நன்றி அறிவிப்பில் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாது.

அப்பா காலமானதும் அண்ணன் பின்கட்டில் துணி துவைக்கும் சவுக்காரம் போட ஆரம்பித்தார். பெயர் அண்ணனுக்கு, கை அக்காவுக்கு. தேங்காய் எண்ணெய், சோடாக்காரம், தண்ணீர், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் தண்ணீர் கூடினால் கட்டி இறுகாது, குறைந்தால் கலவை பொங்கும். அந்தப் பக்குவம் அக்காவுக்கு மட்டுமே பிடிபட்டிருந்தது. எனக்கோ சோடா ஆவி பட்டாலே இழுப்பு வரும். காகிதம் சுற்றுவதோடு சரி.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிய வருடம், மிஸ்ஸி வேலைக்கு, அதாவது தாதிப் பயிற்சிக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. போய்ச் சேர ஒரு மாதத் தவணை. அண்ணன் மறுக்கவில்லை. "நீ இல்லாம சவுக்காரம் இறுகுச்சுன்னா தாராளமாப் போ," என்றார். கதவைத் திறந்துவிட்டு வாசலை மறித்து நிற்கிற பேச்சு.

அக்கா சிரித்தார். "வெள்ளைக்காரனே போறான். நான் போக மாட்டேனாண்ணே?"

அண்ணிக்குக் கற்றுக்கொடுத்தார்: சோடா ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. அண்ணி போட்டது ஒரு வாரமாகியும் களியாகவே கிடந்தது. அக்கா சோடாத் தகரத்தைப் பார்த்தார். திறந்து பல நாளானதால் சோடா மழை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்திருந்தது. அந்த ஈரத்தையும் கணக்கில் சேர்த்து, தண்ணீரை ஒன்றரைப் பங்காகக் குறைத்து, சோடாவைக் கொஞ்சம் கூட்டி அண்ணிக்குப் புது அளவு சொன்னார். மறுநாள் காலை, பயிற்சிக்கு வேண்டிய வெள்ளைத் துணி வாங்க டவுனுக்குப் போனார்.

இந்தத் தடவை நன்றாக வரட்டும், அக்கா நிம்மதியாகப் புறப்படட்டும் என்று நானாக ஓர் உதவி செய்தேன். பிசுபிசுத்ததை ஒதுக்கிவிட்டு, புதுத் தகரத்தை வெட்டி அதிலிருந்து சோடா அள்ளி வைத்தேன். அண்ணிக்கு அது தெரியாது. ஈரச் சோடாவுக்கென்று அக்கா சொன்ன அளவையே போட்டார். கலவை கொதித்துப் பொங்கி அவர் முழங்கைவரை வழிந்தது. பயத்தில் புதுத் தகரத்தைச் சாக்குக்கு அடியில் தள்ளினேன்.

அக்கா துணிப் பொட்டலத்தோடு வந்தபோது அண்ணியின் கை குழாயடியில் இருந்தது.

"இனிமே இந்த வீட்ல சோடாவை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது," என்றார் அண்ணன்.

"நான்தான் அளவைத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார் அக்கா.

நான் வாய் திறக்கவில்லை. வர இயலாது என்று அக்கா எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்தவளும் நான்தான். அதன்பின் அக்கா எங்கும் போகவில்லை. சவுக்காரம் போட்டே அண்ணன் பிள்ளைகள் நால்வரையும் ஆளாக்கினார். யாரையும் கடிந்து பேசியதில்லை. ஆனால் சோடா கரைக்கும்போதெல்லாம், அன்றைக்கு எங்கே பிசகினேன் என்று தனக்குள் முணுமுணுப்பார். படுக்கையில் கிடந்த கடைசி மாதத்திலும் அதே பேச்சு.

இதை எழுதி முடித்து முதலில் அண்ணியிடம்தான் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "உங்கக்கா உசிரோட இருக்கையில சொல்லியிருக்கணும். இப்ப அச்சிலயாவது சொல்லு," என்றார்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணன் பிள்ளைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கிளேபாங்கிலிருந்து தினமும் வந்து புண் கழுவிய மிஸ்ஸிக்கும், இறுதிவரை உடன் நடந்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நீங்கள் சொன்ன அளவு சரியான அளவுதான், அக்கா.