பெட்ரோல் கோசோங்

கூடைப்பந்து ஆட்டத்தின் முதல் மூன்று கால்பகுதிகளில் பிரமிளாவைப் பிடிக்க ஆள் கிடையாது. நான்காவதில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

குனோங் ராபாட்டில் குடியிருக்கும் பிரமிளாவுக்கு வயது இருபத்து நான்கு. பகலில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலை, மாலையில் மலேசியாவின் ஈப்போ நகரப் பெண்கள் அணி ஒன்றில் பயிற்சி. கடைசிக் கால்பகுதியில் அவள் கால்கள் கனக்கத் தொடங்கியதும் பயிற்சியாளர் லோக் ஓரத்திலிருந்து கத்துவார்: "பிரமிளா, பெட்ரோல் கோசோங் ஆ?"

மலாயில் கோசோங் என்றால் காலி. அணியே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். ஆனால் லீக் ஆட்டங்கள் நெருங்கியதும் லோக் சிரிக்காமல் சொன்னார்: முதல் ஆட்டத்தில் கடைசிவரை ஓட முடியாவிட்டால், தொடக்க ஐவரில் அவளுடைய இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஓடினால் பலம் வரும் என்று இன்னும் அதிகமாக ஓடினாள். கால்கள் இன்னும் கனத்தன.

அவள் அப்பா தேவன் பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். இப்போது காவலாளி வேலை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்ததால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனி டப்பா இல்லை, சோறு ஒரு கைப்பிடிதான். பயிற்சிக்கு முன் அப்துல் நாசரின் உணவகத்தில் இருவரும் உட்கார்ந்தால் தேவன்தான் சொல்வார்: "ரெண்டு தே ஓ கோசோங்." பாலும் இல்லை, சீனியும் இல்லாத வெறும் தேநீர்.

"ஒங்களுக்குச் சரி. பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு லா?" என்பார் நாசர்.

"எனக்கு வந்ததே போதும்ணே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்தில் அத்தை புனிதா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இலை நிறையச் சோறு, பிறகு பாயாசம். மறுக்க முடியவில்லை. மாலையில் நட்பு ஆட்டம். நான்காம் கால்பகுதியிலும் பிரமிளா ஓடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யாரு பெட்ரோல் ஊத்துனது?" என்றார் லோக்.

"கோயில் சாப்பாடு, கோச்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் அது உறுத்தியது. நேராக நாசரின் மகள் லத்தீபாவிடம் போனாள். விளையாட்டு அறிவியல் படிக்கும் லத்தீபா விடுமுறையில் கல்லாவில் இருந்தாள்.

"முட்டை, கோழியெல்லாம் சாப்பிடுற. சோத்தைத்தான் விட்டுட்ட," என்றாள் லத்தீபா. "சோத்துல உள்ள மாவு சக்கரையா மாறும். அத தசை சேத்து வெச்சுக்கும். திடீர்னு பாஞ்சு ஓடுறப்ப அதுதான் எரியும். ஒன்கிட்ட இருக்குறதே கொஞ்சம். மூணு கால்பகுதியில தீந்துடுது."

"அப்ப கோச் சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான். நீ டேங்க்ல ஊத்தாம வண்டியச் சர்வீஸ் மேல சர்வீஸ் பண்ணிக்கிட்டு இருந்திருக்க."

பிரமிளா சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா மாதிரி எனக்கும் வந்துட்டா?"

"பயம் நியாயம்தான். மொதல்ல ரத்தம் சோதிச்சுப் பாரு. ஆனா வேல செய்யுற தசை ரத்தத்துல இருக்குற சக்கரைய இழுத்துக்கும். சும்மா ஒக்காந்து குடிக்கிற இனிப்புப் பால் டீ, தே தாரிக் வேற, ஓடப்போறவ சாப்பிடுற சோறு வேற."

சோதனையில் குறை எதுவும் இல்லை. தேவன் அப்போதும் இறங்கி வரவில்லை.

"காகிதத்தக் காட்டாத. என் காலப் பாரு."

"ஒங்க காலப் பாத்துப் பாத்துத்தான்பா என் காலப் பட்டினி போட்டேன்."

லீக்கின் முதல் ஆட்டத்தன்று மதியம் தேவன் அவள் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொரு கரண்டியும் வைத்தார்.

அன்று நான்காம் கால்பகுதியில் அவளுக்குக் களைப்பு வராமல் இல்லை. மூச்சு இரைத்தது, தொடை எரிந்தது. ஆனால் பந்து போன பக்கம் கால்களும் போயின. மாற்று ஆட்டக்காரியை அழைக்க எழுந்த லோக் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

"தோத்தாச்சு," என்றார் லோக். "ஆனா நீ கடைசிவரை நின்ன. அடுத்த ஆட்டத்துலயும் நீதான் மொதல்ல எறங்குற."

திரும்பும் வழியில் அப்பாவும் மகளும் நாசரின் உணவகத்தில் உட்கார்ந்தார்கள்.

"தெரியும் லா, ரெண்டு தே ஓ கோசோங்," என்றார் நாசர்.

"ஒண்ணுதான் கோசோங்," என்றார் தேவன். "இன்னொண்ணுல சீனி போடுங்கண்ணே."

"யாருக்கு?"

"ஓடுனவளுக்கு."