முதல் பெயர்: உ. மதிவதனி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவியது. சனிக்கிழமை காலை. நான் பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்தேன்.

“அத வையி. சோப்புல பாஸ்பேட் கீது. அப்புறம் ஏரியில இன்னா கீதுன்னு அளக்கறதா, நம்ம ஊட்டு சோப்புல இன்னா கீதுன்னு அளக்கறதா?”

“கட்டுரையதான் ஏத்துக்கினாங்களே, இன்னும் எதுக்கும்மா தண்ணி?”

“கட்டுரை முடிஞ்சா ஏரி முடிஞ்சிடுமா?”

திங்கள்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று.

அம்மா அயனம்பாக்கத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அம்பத்தூரில் வேதியியல் ஆசிரியை. நாற்பத்தேழு வயதில், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். தலைப்பு, எங்கள் ஏரியின் தண்ணீர். உதவித்தொகை கிடையாது. நெறியாளர் பேராசிரியர் சண்முகசுந்தரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். அது பெரிய உதவி என்று அம்மா எப்போதும் சொல்வாள். அவளுடைய நோட்டில் மாதாமாதம் கையெழுத்தும் போட்டார். படித்துப் பார்த்ததில்லை.

ஏரியில் மீன்பிடிக்கும் வரதன் தன் தெர்மாகோல் தெப்பத்தைக் கொடுத்தார். நீச்சல் தெரியாத அம்மா முதல் நாளே அதில் ஏறி உட்கார்ந்தாள்.

ஏரியைப் பற்றிய கட்டுரையைப் பேராசிரியர்தான் ஆய்விதழுக்கு அனுப்பினார். இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தபோதுதான் அம்மா பார்த்தாள்: முதல் பெயர் லோகேஷ், இரண்டாவதுதான் உ. மதிவதனி என்ற அவள் பெயர். லோகேஷ் முழுநேர மாணவன். வரைபடங்கள் போட்டவன். முதல் பெயராக ஒரு கட்டுரையாவது இல்லாமல் அம்மாவால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அவளுடைய பதிவு முடிய நான்கு மாதங்களே இருந்தன.

அதே வாரம் இதழிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தண்ணீர் எடுத்த இடங்களில் நான்காவதில் மட்டும் ஜனவரியில் பாஸ்பேட் ஏன் எகிறுகிறது? அளவுப் பிழை, எடுத்துவிடலாம் என்றார் பேராசிரியர். அம்மா நேராக வரதனிடம் போனாள்.

“இதுக்கு இன்னா டீச்சரம்மா மிஷினு? மாட்டுப் பொங்கலுக்கு ஊரு மாடெல்லாம் அந்தப் பக்கந்தான குளிப்பாட்றாங்கோ. ஷாம்பு பாக்கெட்டா மெதக்கும். என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிகீறேன்.”

அம்மா தேதிகளை ஒப்பிட்டாள். இரண்டு ஜனவரியும் பொருந்தின. பதில் எழுத உட்கார்ந்தாள்.

அப்பா கத்தினார்: “மொத பேர மாத்து, அப்புறந்தான் பதிலுன்னு சொல்லு!”

“பதில் ஏரியோடது. அத புடிச்சி வெச்சிகினு மெரட்ட மாட்டேன்” என்றாள். அன்றே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஆறு நோட்டுகளோடு பேராசிரியர் அறைக்குப் போனாள். வண்டி ஓட்டிப் போன நான் வாசலில் நின்றேன். லோகேஷ் உள்ளே இருந்தான்.

“சார், இருபத்தாறு மாசம். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. ஒரு தடவையாவது லோகேஷ் ஏரிக்கு வந்ததா இருந்தா காட்டுங்க. நான் ரெண்டாவதாவே இருந்துக்கறேன்.”

அவர் முதல் முறையாக அந்த நோட்டுகளைப் படித்தார். வெகுநேரம்.

“பையனுக்கு இந்த வருஷத்தோட உதவித்தொகை முடியுதேம்மா.”

“சார்” என்றான் லோகேஷ், “அந்த ஏரிக்கு எந்த பஸ்ல போவணும்னே எனக்குத் தெரியாது. மேடம் பேர போட்டுடுங்க.”

“அத இவ்ளோ பெருமையா வேற சொல்றியா?” என்றார் பேராசிரியர். ஆனால் பெயர் வரிசையை மாற்றச் சொல்லி அன்றே கடிதம் எழுதினார்.

அடுத்த ஞாயிறு அம்மா லோகேஷைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டாள். அவன் இனி எழுதப்போகும் கட்டுரைக்கு அவனே எடுத்த தண்ணீர்.

ஆய்வேட்டையும் சமர்ப்பித்தாள். கட்டுரை அச்சுக்குப் போகும் முன் நன்றியுரையில் ஒரு வரி சேர்த்தாள்: மாட்டுப் பொங்கல் விவரத்தைக் கண்டு சொன்னவர், வரதன். பெயர் வருபவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றது இதழ். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், அதன் பொருளைக் கீழே தமிழில் எழுதினாள். பாட்டில் கழுவிய மறுநாள், ஞாயிறன்று, எடுத்துக்கொண்டு போனாள். வரதன் பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கள் சாயங்காலம் பார்க்கலாம் என்று திரும்பி வந்தாள்.

படிவம் அவள் கைப்பையில் இருந்தது. வரதன் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அம்மா பென்சிலால் போட்டுவைத்த ஒரு பெருக்கல் குறி.