சத்தம் என்று பெயரிட்டேன்

என் மனைவி கொல்லையில் விழுந்து என்னைக் கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அவள் குரல் என் காதில் விழுந்தது. நான் எழுந்து போகவில்லை.

உங்களுக்கு என் பெயர் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். மர்பி டவுனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டு முன்னறையில் சிலர் கண்மூடி உட்காருகிறார்கள். அவர்களுக்கு நான் ஆசான்! சாந்தசொரூபி என்கிறார்கள்... கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

ரங்கூனில் மரக்கிடங்கு குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு புத்த பிக்குவிடம் கற்ற பயிற்சி இது. நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். அதைத் திருத்த வேண்டாம். மனம் ஓடினால் 'நினைப்பு' என்று உள்ளுக்குள் பெயர் சொல்லுங்கள். கால் கடுத்தால் 'வலி'. காதில் ஏதாவது விழுந்தால் 'சத்தம்'. பெயர் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பி, கண்டோன்மெண்டில் வேலை கிடைத்து, சௌந்தரத்தை மணந்த பின்னும் தினமும் காலையில் உட்கார்ந்தேன். தெருவில் பட்டாளத்து பாண்டு வாத்தியம் போனாலும் கண் திறக்க மாட்டேன். கவனம் வளர்ந்ததோ இல்லையோ, கர்வம் நன்றாக வளர்ந்தது.

அன்று சௌந்தரத்துக்கு ஏழாம் மாதம். துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி விழுந்திருக்கிறாள்.

"இன்னாங்க... இன்னாங்க, கொஞ்சம் வாங்களேன்!"

சத்தம் என்று பெயரிட்டேன். மூச்சுக்குத் திரும்பினேன்.

மறுபடி கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது. மெலிந்ததைக்கூடக் கவனித்தேன்! அதற்கும் சத்தம் என்றே பெயரிட்டேன்.

அது கவனமா? இல்லை. பரண்மேல் ஏதோ டப்பா எட்டவில்லை, அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்ற எரிச்சல் உள்ளே ஓடியது. அந்த எரிச்சலுக்கு மட்டும் நான் பெயர் வைக்கவில்லை.

பிறகு பக்கத்து வீட்டு மேரியம்மாவின் அலறல் கேட்டது. "ஐயையோ, ரத்தம் போவுதே! வூட்ல யாருமில்லியா?"

கண் திறந்தேன். அப்போதாவது கொல்லைக்கு ஓடியிருக்க வேண்டாமா? நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்! முன்வாசல் வழியாக வெளியேறி, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, கடைத்தெருவிலிருந்து ஓடி வருகிறவனைப் போல மூச்சிரைக்க வந்து நின்றேன்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்றாள் மேரியம்மா.

"பேப்பர் வாங்க..." என்றேன்.

ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சௌந்தரம் பிழைத்தாள். பெண் குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த நர்ஸ், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதன்பின் எங்களுக்குக் குழந்தையே இல்லை.

பயிற்சியில் குற்றமில்லை. பெயரிடுவது எதையும் ஒதுக்குவதற்கல்ல, இன்னதென்று தெரிந்துகொள்வதற்கு. மனைவியின் குரல் என்று தெரிந்துகொண்டவன் எழுந்திருப்பான். எழுவதும் நடப்பதும் அவளைத் தூக்குவதும் அதே பயிற்சிதான். இதை ஞாயிற்றுக்கிழமைகளில் அழகாக விளக்குகிறேன். எதிலிருந்து கற்றேன் என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் சௌந்தரம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க. மனசு இன்னும் அந்தக் கல்லுகிட்டயே சுத்துது."

சொல்லிக் கொடுத்தேன். மூச்சு, நினைப்பு, வலி... அடுத்ததைச் சொல்லும்போது நாக்குக் குழறியது.

"சத்தம் சரி. யாராச்சும் கூப்ட்டா?" என்று கேட்டாள்.

"எழுந்து போயிடணும்."

"அதானே! அன்னிக்கு நீங்க மட்டும் வீட்ல இருந்திருந்தா அப்படியே உட்டுருப்பீங்களா?"

என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தாள். ஆம், என்னை! பேப்பர் வாங்கப் போன பாவத்துக்காக நான் மருகுகிறேன் என்று இத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்... அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்! எனக்குப் பயம்.

இப்போது தினமும் என் எதிரே உட்காருகிறாள். நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிறாள். அவள் கண் திறக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் சொல்லவில்லை.