பங்காளி

பார்க்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்தது நகரசபைக்குச் சொந்தமான மாடிக்கட்டடம். வீடுகளுக்குச் சூடு தர நிலக்கீழ் அறையில் கிடந்த பழைய பொயிலர் அடிக்கடி நின்றுபோகும். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டோடுதான் திரிந்தோம். முறைப்பாடு சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமாக வாடகை வாங்கினவர்களுக்கு ஒரு பொயிலரை மாற்ற வக்கில்லை.

கடைசியில் கீழே லொபியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தனியார் கொம்பனி ஒன்று முதலீடு போட்டு எல்லாவற்றையும் புதிதாக்குமாம். இனி ஹீற்றிங்குக்கு நாங்கள் அந்தக் கொம்பனிக்குத் தனியாக பில் கட்டவேண்டுமாம். நகரசபையிலிருந்து வந்திருந்த அதிகாரி கொம்பனியை 'பாட்னர், பாட்னர்' என்று வாய்நிறையச் சொன்னார். தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்க்க நின்ற நான் அதைப் 'பங்காளி' என்றேன்.

மூன்றாம் மாடி அக்கா எழும்பினா. ஊரில் பங்குக் கிணற்றில் தண்ணி அள்ளினவ.

"பங்காளி எண்டால், கிணறு வத்தினால் அவனுக்கும் தண்ணி இல்லை. உது பழுதாப்போனால் உவையளுக்கும் குளிருமோ எண்டு கேளும்."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அதிகாரி சிரித்தார். கொம்பனி ஆளும் சிரித்தான். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் திரையில் போட்டார்கள்.

எனக்கு விசர் வந்தது. ஜாக்கெட்டோடு படுத்தெழும்புகிறவ கேட்டது இவர்களுக்குப் பகிடி.

அதிகாரி திரும்பவும் 'பாட்னர்' என்றார். நான் 'முதலாளி' என்று மொழிபெயர்த்தேன். பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.