அம்மனுக்குப் போன பட்டறை எண்ணெய்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் திடீரென்று எல்லோருக்கும் கைத்தொழில் தெரிந்துவிட்டது. தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கொல்லரானார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் குழாய் ரிப்பேர் செய்தார். நான் கடைசல்காரனானேன். அதற்கு முன்பு ஒன்பது வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்து, 'உங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று அழகான ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்போடு எனக்கிருந்த பழக்கம் பேனா முள்ளோடு சரி.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். சயாமில் ரயில் பாதை போடுகிறோம் என்று தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் கடிதம் போடவில்லை. ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவனை மட்டும் தொடமாட்டார்கள். ஊரின் காஜா பெராங் பகுதியில் அப்படி ஒரு பட்டறையைச் சீன முதலாளி ஒருவர் நடத்திவந்தார்; தவுக்கே என்போம். என் மனைவியின் அண்ணன் அவரிடம் போய், "நம்ம மாப்பிள சிங்கப்பூர் கப்பல் பட்டறையில லேத் ஓட்டுனவரு" என்று கண் இமைக்காமல் சொல்லிவிட்டு வந்தார். நான் சிங்கப்பூருக்குப் போனது ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க.

பட்டறையில் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்து ஒன்றுதான் உருப்படி. அதை ஓட்டியவர் பக்கத்துக் கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் கிராமம் அது. என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி, வாய் திறந்தால் மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர அவருக்கு அதிகம் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன். முதல் நாள் நான் வெட்டும் உளியைத் தலைகீழாக மாட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், மைக்கறையையும் பார்த்துவிட்டார்.

"நீ கிராணிதானே?" என்றார்.

"ஆமா."

"சயாமா?"

தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டு உளியைத் திருப்பி மாட்டினார். ராணுவத்துக்குத் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டிய வேலைத்தாள்கள் அவருக்குப் பெரிய தலைவலி. அதை நான் எழுதுவது, லேத்தை அவர் சொல்லித்தருவது என்று பேசிக்கொண்டோம்.

அதன்பிறகு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. சுடச்சுட வந்த இரும்புச் சீவல் சட்டைக் காலருக்குள் இறங்கி, நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்துத் தவுக்கேயின் சமையல்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியை முறுக்கிவிட்டு, அதன் சாவியை எடுக்காமலே ஒரு நாள் லேத்தைச் சுழற்றும் பெல்ட்டைப் போட்டேன். சாவி பறந்து போய்த் தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் குண்டு விழுந்தது என்று எல்லோரும் தரையில் படுத்துவிட்டார்கள். தவுக்கே மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னவென்று கேட்டபோது, பெல்ட் நழுவிவிட்டது என்று செட்டிக்காரர் எனக்காகப் பொய் சொன்னார்.

நானோ எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கிராணி புத்தி எங்கே போகும்? முகப்பைச் சமமாக்குவது எப்படி, நடுவைக் கண்டுபிடிப்பது எப்படி, எவ்வளவு ஆழம் சீவலாம் என்று தலைப்புப் போட்டு, எண் போட்டு எழுதினேன். பருமனை அளக்கும் காலிப்பரின் இரண்டு கால்களையும் இரும்பின் மேல் வைத்தால் அது தன் கனத்திலேயே இறங்க வேண்டும், நாம் தள்ளக்கூடாது என்றார் செட்டிக்காரர். எழுதிக்கொண்டேன். கையால் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும் இரும்பை அளக்காதே, ஆறினால் சுருங்கிவிடும் என்றார். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

லேத்துக்கு ஊற்றும் எண்ணெய்தான் அந்தப் பட்டறையில் பெரிய விவகாரம். இரும்பு சூடாகாமல் இருக்க வெட்டும் இடத்தில் அது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசல் எண்ணெய் கிடைக்காமல் ராணுவமே செம்பனை எண்ணெய் அனுப்பியது. ஊரில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தின்று நாக்கு செத்துப்போனவர்களின் நடுவில் ஒரு டின் சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்து, இதை இரும்புக்கு ஊற்று என்றால் யார் ஊற்றுவார்கள்? தவுக்கே ஒரு போத்தல் எடுத்தார். செட்டிக்காரர் ஒரு போத்தல் எடுத்தார். வேலைத்தாளில் எல்லாம் இயந்திரத்துக்குச் செலவானதாக நான் எழுதிவிட்டு, என் பங்குக்கு ஒரு போத்தல் எடுத்தேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா வந்தது. விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் அம்மனை இருட்டில் உட்கார வைப்பதா என்று கம்போங்கே கவலைப்பட்டது. செட்டிக்காரர் கோயிலுக்கு ஒரு பங்கு கொண்டுபோனார். அவர் மனைவி மரவள்ளி மாவில் வடை சுட்டு எங்களுக்கும் கொடுத்தனுப்பினாள். அதைத் தின்ற என் மனைவிக்கும் வடை ஆசை வந்தது. டின்னில் கிடந்த கடைசிச் சொட்டை வழித்துக்கொண்டு வந்தவன் நான்தான். அம்மன் ஜெகஜோதியாக இருந்தாள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை ராணுவ அதிகாரி வந்து நின்றார்.

இனிமேல் தவுக்கே எழுதித் தரும் சீட்டு செல்லாது, கையில் கட்டும் பட்டை வேண்டும் என்று அவருடன் வந்த மலாய் மொழிபெயர்ப்பாளர் அறிவித்தார். ஒரு லேத்துக்கு ஒரு ஆள், ஒரு பட்டை. பட்டை இல்லாதவன் பெயர் லாரிப் பட்டியலுக்குப் போகும். நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தண்டு, மணிக்கட்டுப் பருமன், கடைந்து காட்ட வேண்டும். அதிகாரி கொண்டுவந்திருந்த இரும்பு வளையத்துக்குள் அது ஆடாமல் நுழைய வேண்டும்.

முதலில் செட்டிக்காரர் நின்றார். காலி டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்லிசாகச் சீவினார். கொஞ்சம் சீவிவிட்டு நிறுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து நிப்பா பனை இலைச் சுருட்டைப் பற்றவைத்தார். இரும்பு ஆறுவதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மகாராஜாவின் சேனைக்கு வேலை செய்ய வந்தவன் உட்கார்ந்து புகைக்கிறான். விட்டார் ஒரு அறை. செட்டிக்காரர் எழுந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே காத்திருந்துவிட்டு மிச்சத்தைச் சீவினார். தண்டு வளையத்துக்குள் மெழுகு தடவியது போல் நுழைந்தது. அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மேசையில் வைத்தார்.

அடுத்தது நான். அறை விழுந்த சத்தம் என் காதிலேயே இருந்தது. லேத்தை நிறுத்தவே இல்லை. புகை கிளம்பியது, சீவல் நீலமாகச் சுருண்டு விழுந்தது, என் முகத்திலிருந்து வியர்வை சொட்டியது. என் லேத்துக்கு அன்று கிடைத்த எண்ணெய் அதுதான். கோணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அளந்தேன். காலிப்பர் தன் கனத்தில் அழகாக இறங்கியது. தண்டைக் கோணியோடு கொண்டுபோய் நீட்டினேன். அதிகாரி வளையத்தைப் போட்டார். சரியாக நுழைந்தது.

"பாகுஸ்!" என்று மலாயில் மெச்சினார். வியர்வையைச் சுட்டிக்காட்டி எல்லோருக்கும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வேலைக்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். ஒன்பது வருஷத்தில் எந்த வெள்ளைக்காரனும் என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை. பட்டையை அவரே என் கையில் கட்டிவிட்டு, தவுக்கேயின் அறைக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

தண்டு ஆறும்வரை செட்டிக்காரர் அங்கேயே நின்றார். பிறகு மேசையிலிருந்த என் தண்டைத் தொட்டுப் பார்த்தார். ஆறிச் சுருங்கியிருந்தது. அதிகாரி விட்டுப்போன வளையத்துக்குள் நுழைத்து, என் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். டக், டக் என்றது.

"நீயே போய் சொல்லு, கிராணி. நான் சொன்னா பொறாமையில சொல்றேன்னு இன்னொன்னு விடுவான்."

தவுக்கேயின் அறைக் கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. உண்மையைச் சொல்வதானால், பயத்தைவிட அதிகமாக எனக்குள் நிம்மதி இருந்தது. பட்டை என் கையில் இருந்தது.

"அவரு இப்ப சந்தோஷமா இருக்காரு. நாளைக்கி தவுக்கேகிட்ட சொல்லி எழுதிக் கொடுக்கறேன்" என்றேன்.

"நல்லா எழுதுவ நீ" என்று சொல்லிவிட்டுத் தண்டை மேசையில் வைத்தார்.

மறுநாள் ஒரு தாளை எடுத்து வைத்து, தேதி போட்டேன். 'ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அதற்கு மறுநாள் லாரி வந்துவிட்டது. தான் தமிழனில்லை, தலைமுறை தலைமுறையாக மலாக்காக்காரன் என்று செட்டிக்காரர் மலாயில் சொல்லிப் பார்த்தார். பட்டியலோடு வந்தவன் அவர் நெற்றி விபூதியைப் பார்த்து, தமிழன் என்று குறித்துக்கொண்டான். நான் கைப்பட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூணருகே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி கருவிப் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"எம் புருஷன் கடைஞ்சது சரியில்லன்னுதான் பட்டை கொடுக்கலியா?" என்று கேட்டாள்.

தவுக்கே பக்கத்தில் இருந்தார். இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள்.

"ஆமா. கொஞ்சம் ஆடிச்சு" என்றேன்.

அவள் என் கைப்பட்டையைப் பார்த்தாள்.

"அவரு அன்னிக்கே வீட்டுல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்" என்றாள். பெட்டி கனமாக இருந்ததால், அதைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன்.